டிக் அக்கா தன் பெயரில் போட்ட கையெழுத்து

எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளை டிக் அக்கா என்றுதான் சொல்வோம். காகிதக் காலத்தில் அதிகாரி எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு டிக் போட்டு நீட்டுவாள். அவர் டீ குடித்துக்கொண்டே போட்டுத் தள்ளுவார். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதும், அதில் செருகி மின் கையெழுத்துப் போடும் சாவியை, கட்டை விரல் அளவுதான் இருக்கும், அதிகாரி அவளிடமே கொடுத்துவிட்டார். ரகசிய எண்ணையும் சேர்த்துத்தான். "எனக்கு இந்த மவுஸே பிடிபட மாட்டேங்குதும்மா" என்றார். சோம்பேறித்தனத்துக்கு எவ்வளவு மரியாதையான பெயர் பாருங்கள்! ஆறு வருஷம் அவள்தான் அதிகாரி.

அவர் ஓய்வு பெற்ற மறுவாரம் ஒரு தையல்காரர் வந்தார்.

"நாளைக்குக் காலையில எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்மா. ஆஸ்பத்திரில என் ஆதார் நம்பரைத் தட்டினா இறந்துட்டார்னு வருதாம். நானும் என்னைக் கிள்ளிப் பார்த்துட்டேன், வலிக்குது."

அக்கா பதிவைத் திறந்தாள். அதே பெயரில் வேறொருவர் இறந்திருக்கிறார்; பதிவில் ஏறியிருப்பதோ இவர் எண். நாற்பது பதிவுகளுக்கு ஒரே அமுக்கில் கையெழுத்து. எண்ணைச் சரிபார்க்காமல் அமுக்கியவள் அவள்தான்.

புது அதிகாரிக்குச் சாவி வரப் பத்து நாள் ஆகும். பழைய சாவி மாதக் கடைசி வரை உயிரோடு இருந்தது. பழையவருக்குப் போன் போட்டாள்.

"உன் கையிலதானே இருக்கு? எப்பவும் போல போட்டுடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

சாவியைச் செருகினாள். 'இதை நானே படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன்' என்று திரையில் வந்தது. ஆறு வருஷமாக வருகிற வரிதான். அன்றைக்குத்தான் படித்தாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு புது அதிகாரி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"பேப்பர்ல உத்தரவு போட எனக்கு அதிகாரம் இருக்கு" என்றார் அந்த அம்மா. "ஆனா தப்பு யாரோடதுன்னு நீங்க அதுலயே எழுதிக் கையெழுத்துப் போடணும். விசாரணை வரும், வேலைக்கே ஆபத்து. யோசிச்சுக்குங்க."

வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். இருந்தாலும் எழுதினாள்.

தையல்காரரை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப் போனாள். "பெத்த பொண்ணு கூட இப்படி அலையாதும்மா" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் புரட்டினார்.

"அதிகாரி கையெழுத்து சரி. கீழே இன்னொண்ணு இருக்கே, யாரோடது?"

"என்னோடதுங்க. இவர் இறந்துட்டார்னு பதிஞ்சது நான்."

கவுன்ட்டர்காரர் தலையாட்டி முத்திரை குத்தினார். தையல்காரர் மெல்லத் திரும்பினார்.

"நீங்களாம்மா?"

"நான்தாங்க."