மேல்வீட்டு விளக்கை அணைத்த வெள்ளிக்கிழமை

பத்து வயதில் என் பொறாமைக்கு ஒரு முகவரி இருந்தது. எங்கள் கட்டடத்தின் மேல்மாடி.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நாங்கள் இருந்த அந்தக் கட்டடத்துக்கு உக்ரைனிலிருந்து ஒரு யூதக் குடும்பம் வந்து சேர்ந்தது. மகள் என் வகுப்பு. சொந்த ஊரில் ஒளித்துக் கடைப்பிடித்த ஓய்வுநாளை அவர்கள் இங்கே வெளிப்படையாகக் கடைப்பிடித்தார்கள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும்வரை கார் ஓடாது, அடுப்பு மூட்டமாட்டார்கள், சுவிட்சைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமைகளில் அவள் தன் தகப்பனின் கையைப் பிடித்தபடி தெருவில் நடந்து போவாள். என் அப்பா அந்த நேரம் பெற்றோல் நிலையத்தில் யாருடைய காரையோ கழுவிக்கொண்டிருப்பார். சன்னலில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் பள்ளியில் எரிபொருள் சேமிப்பு வாரம் வந்தது. நான் வீட்டுச் சுவிட்சுகளுக்கெல்லாம் மேலே 'அணை' என்று எழுதி ஒட்டினேன். ஹீட்டரைக் குறைத்து, அம்மாவைக் குளிர்ச்சட்டையோடு சமைக்க வைத்தேன். ஆனால் வகுப்பில் பேச ரீச்சர் எழுப்பியது அவளை.

"எதிரியின் ஊரை முற்றுகையிட்டாலும் அங்குள்ள பழமரத்தை வெட்டக்கூடாது என்பது எங்கள் சட்டம்" என்றாள் அவள். "விளக்கில் எண்ணெயைத் தேவைக்கு மேல் எரிப்பதும் அதே குற்றம்தான். எண்ணெய்க்கு அடுத்தவனை நம்பியிருக்கிற நாடு அவன் முன்னால் வாய் திறக்க முடியாது என்று அப்பா சொல்வார்."

நாடு முழுவதும் கிழமையில் ஒருநாள் இவர்களைப் போலக் காரை நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று ரீச்சர் வியந்தார். என் 'அணை'களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் அதைச் சொல்லி முறையிட்டால், அப்பாவும், "பாத்தியே, அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு விளக்கம்!" என்றார். பெற்றோல் விற்றுச் சம்பளம் வாங்குகிறவர்!

அந்த வெள்ளி மாலை, அவள் வகுப்பில் மறந்துவிட்டுப் போன கொப்பியைக் கொடுக்க மேலே போனேன். எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். இரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன. அவற்றுக்கு மேலே பெரிய மின்விளக்கும் எரிந்தது.

"இது எப்ப அணையும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு இருட்டின பிறகு" என்றாள்.

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அகப்பட்டுவிட்டாள்! ஒரு இரவும் ஒரு பகலும் வீணாய் எரிகிற விளக்கு. "தேவைக்கு மேல் எரிப்பது குற்றமல்லவா?" என்று சொல்லி, சுவிட்சை அமத்தினேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்து, மெல்ல, "அறை இப்போது கொஞ்சம் இருட்டாக இருக்கிறது" என்றார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு, வென்ற களிப்போடு இறங்கி வந்தேன்.

ஏழு மணிக்கு அப்பா வேலையால் வந்தார். வாசலில் நின்றே, "மேல்வீடு ஏன் இருண்டு கிடக்கு? வெள்ளியில எரியிறதல்லோ?" என்றார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

பெற்றோல் மணத்த சட்டையோடு அப்படியே படியேறினார். பின்னால் போனேன். மெழுகுதிரிகள் எரிந்து முடிந்திருந்தன. அவளுடைய தம்பி தாயின் மடியில் விம்மிக்கொண்டிருந்தான். தகப்பன் வாசலுக்கு வந்தார். அப்பாவிடமும் அதையே சொன்னார்: அறை கொஞ்சம் இருட்டாக இருக்கிறது.

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார். "நல்ல ஓய்வுநாள்" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். அந்த மனிதர் அப்பாவின் தோளைத் தொட்டார். அவள் என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு தகப்பன் போதாதென்று என்னுடையவரையும் எடுத்துக்கொண்டாள் என்று அழுதேன். சுவிட்சைப் போடச் சொல்லி நேரே கேட்கவும் கூடாத ஒரு மனிதர், மனைவி பிள்ளைகளோடு இருட்டில் இருந்தபடி, சமயச் சட்டம் விட்ட ஒரேயொரு வழியில் என்னிடம் உதவி கேட்டிருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. நான் அதற்கு 'ஆமாம்' என்று பதில் சொல்லியிருந்தேன்.