மண் பூசாத அடுப்பு

மருமகள் அடுப்புக்கு ஈரமண் பூசுகிறாள். அந்த வாசனை வந்தாலே எனக்கு அம்மா ஞாபகம்தான்.

வேலூர்ப் பக்கமிருந்து தங்கச் சுரங்க வேலைக்காக அப்பா எங்களை ஊரிகத்துக்குக் கூட்டிவந்தார். மூங்கில் தட்டி வீடு. சுரங்கத்தில் வெடி வைத்தால் பானையெல்லாம் ஆடும். அடுப்புக்கு மண் பூசினால் அங்கேயே தங்கிவிட்டதாக எங்கள் சனத்தில் அர்த்தம். அம்மா வெறும் மூன்று கல்லில்தான் சமைத்தாள்.

"மண்ணு பூசேம்மே, சோறு கவுந்துடும்," என்பார் அப்பா.

"கவுந்தா கவுந்துட்டுப் போவுது. இது வேத்து சீமை. தை வந்தா நம்ம ஊருக்குப் போவணும்."

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, கைக்குழந்தையாக இருந்த என் தம்பி செத்துப்போனான். புதைத்துவிட்டு வந்த அப்பா மூட்டை கட்டினார்.

"வாம்மே, ஊருக்கே போயிடலாம்."

அம்மா மண்ணைக் குழைத்துக் கல்லைச் சுற்றிப் பூசினாள்.

"புள்ள இங்க கீறான். நான் எங்க போவறது?"

மருமகள் பூசுவது அந்த மூன்று கற்களைத்தான்.