சவரிமுத்து வீட்டுக்கு வந்த காம்பவுண்டர்

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு நான். நீங்க சிரிச்சாலும் சரி, நடந்தத சொல்லிடறேன். ரெண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. செஞ்சியில ஒரு டாக்டர்கிட்ட காம்பவுண்டரா இருந்தேன். சிங்கவரத்துல சவரிமுத்துன்னு மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, போடற குடியானவரு, சக்கரை வியாதி முத்திப்போய், கால்ல ஆறாத புண்ணோட படுத்த படுக்கை. தேறமாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனாலும் தினம் மத்தியானம் நான் சைக்கிள மெதிச்சிக்கினு போய் இன்சுலின் போடணும். "ஒரு வாய் வெல்லக் காப்பி குடுக்கச் சொல்லுப்பா"ன்னு கெஞ்சுவாரு. "சாவணுமா?"ன்னு அதட்டிட்டு, குத்திட்டு வந்துடுவேன். எத்தினி வீடு ஏறி எறங்கறது, அலுத்துப் போச்சுங்க.

அன்னிக்கு வெயில் தாங்கல. வழியில ஒரு பாறை நெழல்ல உக்காந்தவன் அப்படியே தூங்கிட்டேன். கண்ணு முழிச்சா பொழுது சாஞ்சிருக்குது. அடிச்சிப் புடிச்சிப் போனா, அவரு சம்சாரம் மரியம்மா, "இன்னா காம்பவுண்டரே, எதுனா மறந்துட்டீங்களா?"ங்குது.

"இப்பதாம்மா வரேன்."

"மத்தியானமே வந்தீங்களே!"

காலையிலேர்ந்து அவரு ஒண்ணும் சாப்பிடலியாம். வேர்த்துக் கொட்டி, பேச்சு கொழறிப் போச்சாம். நான் வந்து வெல்லத்தக் கரைச்சி சொட்டுச் சொட்டா வாயில விட்டேனாம். "இனிமே ஊசி வேணாம், கேக்கறத குடுங்க"ன்னு சொன்னேனாம். அப்புறம் புண்ணுக் கால மடியில வெச்சிக்கினு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேனாம். அந்தப் புண்ணுக் கால நான் ஒருநாளும் தொட்டதில்லீங்க. நாத்தம்.

நேரத்துக்குப் போயிருந்தா சாப்பிட்டாரான்னுகூட கேக்காம ஊசியப் போட்டிருப்பேன். வெறும் வயித்துல சக்கரை எறங்கிக் கெடந்த ஆளு, ஊசியில இன்னும் எறங்கி அப்பவே முடிஞ்சிருப்பாரு.

டாக்டர்கிட்ட சொன்னேன். பாறைய, தூக்கத்த எல்லாம் விட்டுட்டு, அவருக்கு மயக்கம் வந்தத மட்டும். "இனிமே நிறுத்திடு, நிம்மதியா போகட்டும்"னாரு.

அப்புறம் பதினோரு நாள் இருந்தாரு. ஊசி இல்லன்னாலும் நான் போனேன். காலுக்குக் கட்டு மாத்தினேன், உக்காந்து பேசினேன். ஒருநாள் என்னையே பாத்துட்டு, "நீ நல்லாதான் பாத்துக்கிற. அன்னிக்கு வந்தவரு எப்ப வருவாரு?"ன்னாரு.

கடைசி நாள் நான் கட்டிலண்ட குனிஞ்சி கட்டு போட்டுக்கினு இருக்கேன். அவரு என் தலைக்கு மேல வாசப்பக்கம் பாத்து சிரிச்சாரு. சாவப்போறவங்க எதையோ பாப்பாங்கன்னு விட்டிருப்பேன். ஆனா வெளியிலேர்ந்து தண்ணி எடுத்தாந்த மரியம்மா, வாசப்படியில நின்னு, "கொஞ்சம் தள்ளிக்குங்க"ன்னு சொல்லிட்டு ஒதுங்கி உள்ள வந்துச்சு.

வீட்ல வேற யாரும் இல்லீங்க. நான் திரும்பிப் பாக்கல.