உப்புப் பார்க்காத கை

இன்று கிருத்திகை. முருகனுக்குப் பணியாரம் ஊற்றலாம் என்று கல்லை அடுப்பில் வைத்தேன். புளித்த அரிசி மாவு எண்ணெயில் பட்டதும் ஒரு வாசனை எழும்புமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது வந்தால் எனக்கு ஊர் ஞாபகம்தானே வரவேண்டும்? வருவதில்லை. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் நாங்கள் முதலில் குடியிருந்த அப்பார்ட்மென்ட் வருகிறது. பக்கத்து வீட்டு ஹதீசா வருகிறாள். கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

ஹதீசா நைஜீரியாவின் வடக்கே கானோக்காரி. ஹௌஸா பேசுகிறவர்கள். அவள் சமையலறைக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். அவர்களும் அரிசியை ஊறவைத்து, அரைத்து, பொங்கவைத்து, குழிக்கல்லில்தான் ஊற்றுகிறார்கள். மாசா என்று பெயர். உளுந்தே கிடையாது. அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் அங்கே போய்த் தேன் தொட்டுத் தின்றுவிட்டு வந்து, "அம்மா, ஆன்ட்டியோடது சோ சாஃப்ட். கேன் யூ மேக் இட் லைக் தட்?" என்றாள். நான் சுட்டு வைத்த பணியாரம் தட்டில் அப்படியே இருந்தது.

நான் பத்தாவது படித்தவள். இந்த ஊரில் என்னிடம் பெருமைக்கு இருந்தது ஒன்றுதான். சாமிக்குப் படைக்கும்வரை எதையும் வாயில் வைத்து உப்புப் பார்க்கமாட்டேன்; ஆனாலும் உப்பு தப்பாது. கோயில் மடைப்பள்ளியில், "அக்கா கைக்கே உப்பு தெரியும்" என்பார்கள். காதில் விழாத மாதிரி நின்றுகொண்டு, இன்னொரு தடவை சொல்லமாட்டார்களா என்று காத்திருப்பேன்.

பிள்ளைக்காகக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி ஹதீசா வீட்டுக்குப் போனேன். ரமலான் மாதம். நாங்கள் பேசியதெல்லாம் அரைகுறை இங்கிலீஷ். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். முதல் நாளே ஊறிய அரிசியோடு ஒரு பிடி சோறு சேர்த்து அரைத்து, ஈஸ்ட் போட்டு மூடியிருந்தாள். ஊற்றப் போகும் நேரத்தில் சர்க்கரையும் உப்பும் கையால் அள்ளிப் போட்டுக் கலக்கினாள். அவ்வளவுதான்.

"உப்புப் பாக்கலையா?"

"நோன்பு, சிஸ்டர். நாக்குல தொட்டுத் துப்புறவங்க இருக்காங்க. எனக்கு மனசு வராது."

மாசா பஞ்சு மாதிரி எழும்பியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. அது என் ஒருத்தியின் சொத்து என்றல்லவா நினைத்திருந்தேன். அதிலும் நான் கிருத்திகை விரதத்தில் இரண்டு தடவை காபி குடிக்கிறவள். அவள் பகல் முழுக்கப் பச்சைத்தண்ணீர் தொடாதவள்.

அடுத்த வாரம் என் கல்லில் நான் மாசா ஊற்றினேன். அவளுடையதைவிட அழகாக எழும்பியது. சாமிக்குப் படைத்ததை அவள் சாப்பிடமாட்டாள் என்பதால், படைக்கும் முன்பே ஒரு தட்டு தனியாக எடுத்து, அவள் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, ஒன்றை எடுத்துக் கடித்தாள். கொஞ்சம் மெதுவாக மென்றாள். இன்னொன்றும் எடுத்தாள். "மாஷா அல்லாஹ், சிஸ்டர்" என்றாள். ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்து, விளக்கேற்றிப் படைத்து, மகளுக்கு ஒன்று கொடுத்தேன். அவள் அப்படியே துப்பினாள்.

அரைக்கும்போதே உப்புப் போட்டுவிடுவது நம் வீட்டுப் பழக்கம். கை தானாகப் போட்டிருக்கிறது. ஊற்றப் போகும்போது ஹதீசா செய்த மாதிரி இன்னொரு முறையும் போட்டேன். முருகனும் அதைத்தான் சாப்பிட்டான், பாவம்.

மறுநாள் போய், "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சுடச்சுடக் கொண்டுவந்து நிக்கிற முகத்துகிட்ட எப்படிச் சொல்றது? ஆனா சிஸ்டர், விடியிறதுக்குள்ள குடம் தண்ணி குடிச்சிருப்பேன்" என்று சிரித்தாள். அந்தப் பொறுமையும் எனக்கு வராது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவர்கள் வேலை மாற்றிக்கொண்டு வேறு மாநிலம் போனார்கள். அந்த அப்பார்ட்மென்டை இடித்துவிட்டார்கள். மகள் இப்போது பே ஏரியாவில் வேலையில் இருக்கிறாள். காலையில் போனில், "பணியாரமா? ஹதீசா ஆன்ட்டி மாசா மாதிரி வருமா?" என்கிறாள், இன்றைக்கும்.

இப்போது தனி வீடு. நாலு பக்கமும் புல்வெளி. படைக்கப் போகும்போதுதான் பார்த்தேன், ஒரு தட்டில் ஐந்து பணியாரம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு என்று?

ஹதீசா போன ஊரில், அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது எவளோ ஒருத்தி குடியிருப்பாள். அவளை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.