ஈரத்தின் மேல் போட்ட பழி

என் அத்தை பியானோ கலைஞர் என்று சொன்னால் ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் உடனே, "எந்தச் சர்ச்சிலுங்க?" என்று கேட்பார்கள். சர்ச்சில் இல்லை, வெளிநாட்டில், பெரிய அரங்குகளில். ஏற்காட்டுக் கான்வென்ட்டில் ஒரு கன்னியாஸ்திரியிடம் கற்றுக்கொண்டு, உதவித்தொகையில் கடல் கடந்து போனவர். வாசிப்பதோடு விடமாட்டார். பியானோ முன் உட்கார்ந்தபடியே சுற்றியிருக்கும் வயலின்காரர்களையும் அவரே நடத்துவார். எந்தக் கைக்கு ஓய்வு கிடைக்கிறதோ அந்தக் கையைத் தூக்கி அவர்களுக்குச் சைகை காட்டுவார். "ஒரு ஆளுக்கு ரெண்டு சம்பளமா கண்ணு?" என்று அப்பா தங்கையைக் கேலி செய்வார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், ஆடி மாத மழையில் அத்தை எங்கள் மலை ஊரான கொட்டச்சேட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் சென்னையில் கச்சேரி. சொந்த நாட்டில் அவருக்கு அதுதான் முதல் மேடை. அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என்பதால் முதலாளி பங்களாவின் சாவி எங்களிடம் இருந்தது. அங்கே ஒரு பழைய பியானோ. மழைக்காலத்தில் எங்கள் மலையில் கதவு உப்பும், அலமாரி உப்பும், பியானோவின் கட்டைகளும் உப்பும். அதற்காக அதன் வயிற்றுக்குள் ஒரு குண்டு பல்பை எந்நேரமும் எரியவிடுவது எஸ்டேட் வழக்கம்.

மழையால் பள்ளி விடுமுறை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். அத்தை வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் சறுக்குவார். திரும்ப ஆரம்பித்து அதே இடத்தில் சறுக்குவார். அப்போது அவருடைய வலது கை மோதிர விரல் தானாக உள்ளே மடங்கிக்கொள்ளும். பெரிய கலைஞர்கள் அப்படித்தான் மடக்குவார்களாக்கும் என்று நானும் மடக்கிப் பழகினேன். விரல் வலித்ததுதான் மிச்சம்.

"கட்டை ஒட்டுதுங்கண்ணா," என்றார் அத்தை.

"பின்ன? நம்ம மலை ஈரம் எதைத்தான் உட்டு வெச்சுது?" என்ற அப்பா பெரிய பல்பாக மாற்றினார். பக்கத்தில் கரியடுப்பு வைத்துக் காய வைத்தார். சறுக்கல் நிற்கவில்லை. அத்தை சாப்பாட்டைத் தொடாமல் மேசை விளிம்பில் விரல்களைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பியானோ மேல் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்காதபோது அதை ஓர் உதை விட்டேன்.

ஒரு மதியம் அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இந்தக் கட்டைய அமுத்திப் பாரு. ஒட்டுதா?"

அமுக்கினேன். சுலபமாக இறங்கி உடனே மேலே வந்தது. "இல்லீங்க அத்தை, நல்லாப் போவுதுங்க."

"பக்கத்துக் கட்டை?"

"அதுவும் நல்லாப் போவுதுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு சாமி. கொஞ்சங்கூட ஒட்டலியா?"

அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் இன்றைக்குத்தான் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கோ ஒரே கொண்டாட்டம். அப்பாவின் வைத்தியம் பலித்துவிட்டதே! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒன்று விடாமல் அமுக்கிக் காட்டினேன். "ஒண்ணுகூட ஒட்டலீங்க அத்தை! எல்லாஞ் செரியாப் போச்சுங்க!"

அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அப்பாவிடம் சொல்ல ஓடினேன். விரலைச் சொன்னபடி கேட்கவிடாத ஒரு நரம்புக் கோளாறு அது என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். கோளாறு பியானோவில்தான் இருக்கும் என்பதே அத்தையிடம் மிஞ்சியிருந்த நம்பிக்கை.

சென்னைக்குக் குடும்பத்தோடு போனோம். பியானோவின் முன் அத்தையின் மாணவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அத்தை நடுவில் நின்று, இடது கையில் ஒரு சின்னக் குச்சியைப் பிடித்து ஆட்டினார். வயலின்காரர்கள் அத்தனை பேரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர் உயர்ந்தால் மேஸ்திரி ஆவார். அப்புறம் அவர் பழத்தைத் தொடவேண்டியதில்லை, நின்று கை காட்டினால் போதும். எனக்குத் தெரிந்த உத்தியோக உலகம் அவ்வளவுதான்.

கச்சேரி முடிந்ததும் ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டேன். "மேஸ்திரி ஆயிட்டீங்களாங்க அத்தை? இனிமே நீங்க வாசிக்கவே வேண்டாமுங்களா?"

"ஆமா சாமி," என்றார். "இனிமே வேண்டாம்."

ஊர் திரும்பிய மறுநாள் வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுத்தேன்.