அக்கா ஒட்டிச் சேர்த்த பாட்டு

இந்த முதலாண்டு நினைவு மலரை வாங்கிக்கொண்டு பந்தலில் அமர்ந்திருக்கும் உங்களில் பலர் எங்கள் அக்காவோடு என்னைவிட அதிக நாள் பழகியவர்கள். இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை நான்தான் எழுதியாக வேண்டும். வேறு யாருக்கும் அது தெரியாது.

அக்கா பிறந்தது பத்தாங் பெர்சுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அம்மா புல் வெட்டும் கும்பலில் இருந்தார். நான்கு பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. அக்காவுக்குப் பதினான்கு வயதானபோது அம்மா காலமானார். அன்றோடு அவருடைய பள்ளிக்கூடம் நின்றது. இருட்டோடு அப்பா வேலைக்குக் கிளம்பியதும், எங்கள் மூவரையும் எழுப்பிக் குளிக்க வைத்து, சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆயாக்கொட்டகைக்குப் போய் மற்றவர்களின் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. எனக்குத் தலை துவட்டிய கை அக்காவுடையது.

எங்களை எல்லாம் ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அக்கா திருமணத்துக்குச் சம்மதித்தார். மாமா தோட்டத்துக் கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். கல்யாண வீட்டார் தங்களுக்குப் பிடித்த பாட்டை இசைத்தட்டாக வாங்கிவந்து கொடுப்பார்கள். விசேஷம் முடிந்ததும், "நீங்களே வச்சிக்குங்க, எங்கக்கிட்ட போட்டுக் கேக்க மெசின் இல்ல" என்று விட்டுவிட்டுப் போவார்கள். மாமா தட்டின் உறையில் அவர்கள் பெயரை எழுதி வைத்துக்கொள்வார். தோட்டம் விற்கப்பட்டு ஆட்கள் நாலா பக்கமும் சிதறியபோது, அக்காவும் மாமாவும் மகள் மலரும் அசாம் ஜாவாவில் குடியேறினார்கள். லோரியில் முதலில் ஏறியவை இசைத்தட்டுப் பெட்டிகள்தாம்.

மாமா தவறிய பிறகு முந்நூறுக்கு மேற்பட்ட தட்டுகள் பின்னறையில் கிடந்தன. ஒருநாள் நான் சொன்னேன்:

"யாருக்காச்சும் கொடுத்துடுங்க லா அக்கா. இந்தப் பாட்டெல்லாம் இப்ப இன்டர்நெட்டுலயே இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. ஆனா இது உங்க மாமா சொத்து இல்ல. அவங்கவங்க வீட்டுக் கல்யாணத்துல சுத்துன தட்டு. கொடுக்கிறதா இருந்தா அவங்களுக்குத்தான் கொடுக்கணும்."

அப்படித்தான் அறுபது வயதைத் தாண்டிய அக்கா, மலர் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பழைய கணினியின் முன் உட்கார்ந்தார். இசைத்தட்டுக் கருவியிலிருந்து கணினிக்குக் கம்பி இழுப்பது, ஊசியைத் துடைப்பது, ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வது என எல்லாவற்றையும் மலர் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அக்கா தட்டுகளைப் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு கலந்த நீரில் கழுவி, மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்து, பாத்திரம் கவிழ்க்கும் அடுக்கில் நிமிர்த்தி வைப்பார். ஒரு தட்டைப் பதிய அது ஓடும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். பதிந்ததைப் பென்டிரைவில் ஏற்றி, உறையில் இருந்த பெயர்க்காரர்களை விசாரித்து விசாரித்துத் தட்டோடு சேர்த்து அனுப்பினார். ரவாங்கில் ஒரு தம்பதி தங்கள் அறுபதாம் கல்யாணத்தில் அந்தப் பாட்டையே போட்டார்கள். அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

இதற்கிடையில் அவருடைய சிறுநீரகம் பழுதானது. வாரத்தில் மூன்று நாள் கோலசிலாங்கூரில் இரத்தச் சுத்திகரிப்பு. மற்ற நாள்களில்தான் கணினி.

பெட்டிகளின் அடியில் அச்சடித்த உறை இல்லாத ஒரு சின்னத் தட்டு இருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனைக் குழு, பட்டணத்தில் யாரையோ பிடித்து, சில பிரதிகள் மட்டுமே போட்ட தட்டு. பாடியவர் ஒரு பால்மரம் வெட்டுத் தொழிலாளி. இளவயதிலேயே இறந்துபோனவர். அக்கா சுத்திகரிப்பு நிலையத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர்களிடம் எல்லாம் கேட்டு, அவருடைய மகள் லெட்சுமி சுங்கை செம்பிலாங்கில் இறால் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார் என்று கண்டுபிடித்தார். தொலைபேசியில் லெட்சுமி சொன்னது:

"அப்பா சாகுறப்ப எனக்கு மூணு வயசுக்கா. போட்டோவுல மொகம் பாத்திருக்கேன். கொரல் கேட்டதே இல்ல."

அக்கா அந்தத் தட்டைப் பதிந்து, இரைச்சலை நீக்கி, தட்டையும் பென்டிரைவையும் என்னிடம் கொடுத்து அனுப்பினார். நான் நேராகப் போயிருக்க வேண்டும். நண்டு சாப்பிடும் ஆசையில் எதிர்த்திசையில் பாசிர் பெனம்பாங்குக்குப் போனேன். நண்பர்களோடு பேசிக்கொண்டே சாப்பிட்டு முடித்து வந்தபோது, உச்சிவெயிலில் நின்ற காரின் பின்சீட்டில் தட்டு அப்பளம் போல் வளைந்திருந்தது.

லெட்சுமி வீட்டில் தட்டைக் காரிலிருந்து எடுக்கவே இல்லை. பென்டிரைவை மட்டும் கொடுத்தேன். அவர் மகன் அதைத் தொலைக்காட்சியில் செருகினான். பாட்டு வந்தது. ஆனால் இரைச்சலை நீக்கியதில் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல் மெலிந்திருந்தது. முடிந்ததும் லெட்சுமி கேட்டார்:

"பாட்டு மட்டுந்தானாண்ணே? அப்பா பேசுன மாதிரி எதுவும் இல்லியா?"

வாசலுக்கு வந்து அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"பேசினாருப்பா. பாட்டுக்கு முன்னால மேளக்காரரப் பாத்து என்னவோ சொல்லி இருமுவாரு. பாட்டுக்கு எடஞ்சலா இருக்கேன்னு நான்தான் வெட்டிட்டேன். அதும்மேலயே சேவ் பண்ணிட்டேன். பரவால்ல, தட்டு இருக்குல்ல? திரும்பக் கொண்டா, மறுபடி பதியிறேன்."

அப்போதுதான் நான் தட்டின் நிலைமையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ தட்ட வளச்ச, நான் கொரல வெட்டுனேன். ரெண்டு பேருமா சேந்துதான் சரி பண்ணணும். எடுத்துக்கிட்டு வா" என்றார்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி கக் அனி தம் அலமாரியின் இரண்டு கண்ணாடித் தட்டிகளைக் கழற்றிக் கொடுத்தார். அவற்றின் நடுவே தட்டை வைத்து, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டி, பிறகு நிழலில் அரிசி மூட்டையைப் பாரம் ஏற்றினோம். இரண்டு வாரம் இப்படியே நடந்தது. தட்டு முக்கால்வாசி நிமிர்ந்தது. ஆனால் வெளி ஓரத்தில் அலை மிஞ்சியது. பாட்டு தொடங்குவது வெளி ஓரத்தில்தான். எங்களுக்கு வேண்டிய பேச்சும் அங்கேதான் இருந்தது.

முதல் தடவை ஊசி எகிறிக் குதித்தது. ஊசித் தலையில் பத்துக் காசு ஒன்றை ஒட்டிப் பாரம் கொடுத்தோம். அப்போதும் குதித்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில். அதைக் கவனித்தவர் அக்கா.

"இதுல விட்டது அதுல இருக்கு தம்பி. நல்ல துண்டா பொறுக்கி ஒட்டிடலாம்."

பதினோரு முறை பதிந்தார். பதினொன்றையும் தனித்தனிப் பெயரில் சேமித்தார். எதன்மேலும் எதையும் அழித்து எழுதவில்லை. பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேள அடி விழும் இடங்களில் வெட்டி வெட்டி ஒட்டினார். அடி விழும் இடத்தில் ஒட்டினால் ஒட்டு காதுக்குத் தெரியாதாம். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுத்திகரிப்புக்கு ஊசி போட்ட கை வீங்கியிருந்தால் மற்ற கையால் மௌசைப் பிடிப்பார். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இந்த முறை இரைச்சலைத் தொடவே இல்லை.

லெட்சுமியை வீட்டுக்கே வரச் சொன்னோம். அவர் கணினியின் முன் பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரகரப்பு வந்தது. பிறகு ஓர் ஆண்குரல், மிகப் பக்கத்தில்:

"டேய், மெதுவா அடிடா. சாமி எங்கியும் ஓடிப் போயிடாது."

அதன் பின் ஓர் இருமல். பிறகு பாட்டு.

பாட்டு முடிந்ததும் லெட்சுமி, "அந்தப் பேச்ச மட்டும் போடுங்கக்கா" என்றார். அக்கா போட்டார். மூன்று முறை. மூன்றாம் முறை லெட்சுமி சிரித்துவிட்டார். "எம்மவனும் இப்படித்தான் பேசுவான். யாருக்கிட்டேந்து வந்துச்சுன்னு யோசிச்சிக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தபடி இருந்தார்.

அதன்பின் ஏழு மாதம் அக்கா எங்களோடு இருந்தார். மேலும் நாற்பது வீடுகளுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை சுத்திகரிப்பு முடிந்து வந்து, கஞ்சி குடித்து, "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று மலரிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வேதனை இல்லாமல் போனார் என்பதே எங்களுக்கு ஆறுதல்.

அக்காவின் கையைத் தம் சொந்தத் தாயின் கைபோல் பிடித்து ஊசி போட்ட தாதியருக்கும், மழையானாலும் காரை எடுத்து வந்து அவரை ஏற்றிச் சென்ற கக் அனிக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து தாயைப் பார்த்துக்கொண்ட மலருக்கும், பதினாறாம் நாள் கிரியையில் அதிகாலையிலேயே வந்து நூறு பேருக்குச் சமைத்துப் போட்ட லெட்சுமி குடும்பத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன விஷயம். அன்று அழுது முடித்த பிறகு லெட்சுமி தட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எப்படிக்கா வளஞ்சிச்சு?" என்று கேட்டார். நான் எதிரே தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் லா, மறதியா வெயிலுல வச்சிட்டேன்" என்றார்.

மலரிடமும் அப்படியே சொல்லியிருந்தார். 'அம்மா தட்டை அப்பளம் சுட்ட கதை' என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். லெட்சுமி, அது நான். என்னை மன்னிக்க வேண்டும்.

அக்கா, நன்றி.