நட்சத்திரத்து விருந்தாளிகளுக்கு ஒரு பட்டிமன்றம்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்துக்கு ஆண்டு விழா என்றால் பட்டிமன்றம் இல்லாமல் முடியாது. அறுபதுகளின் தொடக்கம் அது. ரஷ்யாக்காரன் வானத்துக்கு ஆள் அனுப்பியிருந்ததால் எல்லாருக்கும் ராக்கெட் பைத்தியம் பிடித்திருந்தது. வேறு நட்சத்திரங்களிலிருந்து யாராவது இங்கே வர முடியுமா, முடியாதா என்று தலைப்பு வைத்தார்கள். பௌதிகக் கணக்கைக் கைதட்டலால் தீர்த்துவிடலாம் என்று நினைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

கூட்டம் சேர வேண்டுமே, அதற்காக ‘முடியாது’ என்று பேச என்னையும், ‘முடியும்’ என்று பேச எனக்கு நிச்சயமாகியிருந்தவரையும் போட்டார்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்திருந்தேன். எம்.எஸ்ஸி.க்கு இடமும் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்க வைக்கிறேன் என்று அவர் என் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின வருஷம் அதே மேடையில் பெண் கல்வி பற்றித் தொண்டை கிழியப் பேசியவர்தான். அந்த ஒரு வாக்குக்காகத்தான் நான் தலையாட்டினேன். மற்றபடி அவரிடம் எனக்குப் பிடித்தது என்று எதுவும் இல்லை.

அவர்தான் முதலில் பேசினார். நம்மைவிட ஆயிரம் வருஷம் முன்னேறியவர்கள் ஒளியையே முந்திக்கொண்டு வருவார்கள் என்றார். பலத்த கைதட்டல். அது போதாதென்று என் பக்கம் கையை நீட்டினார்.

“சோறு வெந்துச்சான்னு கேட்டாக்கூட இந்தம்மா பௌதிகத்தைக் கேட்டுட்டுதான் சொல்வாங்க.”

முன்வரிசையில் இருந்த என் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் எழுந்து முறையாகத்தான் ஆரம்பித்தேன். எடையுள்ள எதுவும் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது. மிக அருகிலுள்ள நட்சத்திரத்திலிருந்து ஒளி வந்துசேரவே நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். ரஷ்யாக்காரனின் ராக்கெட் வேகத்தில் கிளம்பினால் ஒரு லட்சம் வருஷத்தைத் தாண்டிவிடும். வேகத்தைக் கூட்டினால் எரிபொருள் கூடும். அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும், அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம். போகவே கூடாது என்று பௌதிகம் தடுக்கவில்லை, ஆனால் அவ்வளவு எரிபொருளுக்கு யார் எங்கே போவது என்று கேட்டேன். கூட்டம் கொட்டாவி விட்டது. அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினேன்.

“இவருக்கு மல்லேஸ்வரத்துல ஆபீஸ். அஞ்சு மணிக்கு அங்கேருந்து கிளம்பினவரு, பக்கத்துல இருக்கிற ஸ்ரீராம்புரத்துக்கு வந்து சேர ஏழு மணி ஆச்சு. இவரு ஒளியை முந்திக்கிட்டு ஆளைக் கூட்டிட்டு வர்றாராம்.”

விசில் பறந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் அந்த முகம் எனக்கு இனிக்கிறது. நடுவராக வந்த தமிழ் வாத்தியார் என் பக்கமே தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தார்.

“பொண்ணு நல்லாத்தான் பேசறா அண்ணா,” என்றாள் அந்த அம்மாள் என் அப்பாவிடம். “இன்னும் படிச்சான்னா எங்களுக்குப் பெரிய பேஜார். கல்யாணம் நடக்கணும்னா படிப்பு இதோட போதும்.”

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதுக்கென்னம்மா, நிறுத்திட்டாப் போச்சு” என்றார்.

நான் வாக்குக் கொடுத்தவரையே கேட்டேன். “படிக்க வைக்கிறேன்னு வாக்குக் குடுத்தீங்களே?”

அவர் காபியை நிதானமாக ஆற்றினார். “நேத்து ஜெயிச்சுட்ட இல்ல, அது போதும்.”

அவர்கள் போனதும் கல்யாணமே வேண்டாம் என்றேன். அப்பா அறைந்தார். அதுவரை என்மேல் கை வைத்தவரில்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

என் இடம் யாரோ ஒரு பையனுக்குப் போயிற்று. கல்யாணம் நடந்தது, எனக்கு அவரோடுதான் வயதாயிற்று. நட்சத்திரங்களிலிருந்து இதுவரை யாரும் வரவில்லை, நான் சொன்ன கணக்கும் சரிதான். அன்றைக்குத் தோற்றிருந்தால் எம்.எஸ்ஸி. படித்திருப்பேன்.